கத்திக்குச் சாணை, காலுக்கு என்ன?



விடியற்காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலுக்குப் பின்பக்கம், சற்று மேலே, யாரோ கயிற்றைப் பிடித்துச் சுண்டி இழுப்பதுபோல் இருக்கிறதா? சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறதா? வேலைக்குப் போய் மேடு பள்ளம் ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்து சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்கிறதா? அப்படியானால் இம்மாதம் இந்தப் பகுதி உங்களுக்காகத்தான்.

நான் டாக்டர் இல்லை. 27 வருஷம் பால் வெட்டியவன். கிளைச் செயலாளராக இருந்து, பிறருடைய எம்.சி. சீட்டுக்காக ஆபீஸ் வாசலில் நின்றவன். இந்த வலியை என் இடது காலில் ஒன்றரை வருஷம் சுமந்தவன். டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நாம் காலில் போடும் சப்பாத்து, கையில் பிடிக்கும் கத்தியைப் போலவே ஒரு வேலைச் சாமான். கத்தி மழுங்கினால் உடனே சாணைக்கல்லைத் தேடுகிறோம். சப்பாத்து தேய்ந்தால், "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்கிறோம். ஓடுவது சப்பாத்து அல்ல தோழர்களே, தேய்வது நம் கால். அதனால் சப்பாத்தைப் பார்த்து வாங்கவும் பழகவேண்டும், நிர்வாகத்திடம் கேட்டு வாங்கவும் பழகவேண்டும்.

ஓர் அக்காவின் கதை

தெப்ராவ் வட்டாரத்தில் நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் ஓர் அக்கா இருந்தார். பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயரும் வேண்டாம். காலையில் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். ஒரு நாள் நொண்டி நொண்டி வந்தார்.

"என்னக்கா காலு?" என்றேன்.

"நரம்பு பிடிச்சிக்கிச்சு தம்பி. தைலம் போட்டா சரியாப் போயிடும். மண்டோர்கிட்ட சொல்லிடாதே. சொன்னா எம்.சி. எடுக்கச் சொல்வாங்க, வருகைப்படி போயிடும்" என்றார்.

ஆறு மாதம் அப்படியே போயிற்று. ராத்திரியில் கோடாலித் தைலம், விடிந்தால் நிரை. மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் பழசான வெள்ளைச் சப்பாத்தைப் பின்பக்கம் மிதித்து மடக்கி, சிலிப்பர்போல் மாட்டிக்கொண்டு வருவார். பின்பக்கம் பட்டால் வலிக்கிறது என்பதற்காகத்தான் அப்படி மடக்கினார். ஒரு மழைநாள் காலை, காண்டா வாளியோடு மேட்டில் ஏறும்போது கால் வழுக்கியது. 'டப்' என்று ஒரு சத்தம். பின்னால் யாரோ கல்லால் அடித்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம். யாருமே இல்லை. அறுந்தது அவருடைய குதிகால் நரம்பு.

ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, கைத்தடி. மறுபடி நிரைக்குப் போக ஒரு வருஷம் ஆயிற்று. மேட்டுக் காட்டில் அவரால் பழையபடி வெட்டவே முடியவில்லை. அவரைப் பார்க்கப் போன அன்று வாசலில் அந்த வெள்ளைச் சப்பாத்து கிடந்தது. பின்பக்கம் மடங்கி, குதியடிப் பக்கம் அட்டைபோல் தேய்ந்து கிடந்தது. சப்பாத்து மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆறு மாதத்தில் அவர் காலுக்கு உதவியாக இருந்திருக்கவேண்டிய சாமான், உபத்திரவமாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அது நரம்பு அல்ல

நாம் எல்லாரும் அதைக் குதிகால் நரம்பு என்கிறோம். உண்மையில் அது நரம்பு இல்லை, தசைநாண். கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் கயிறு. மருத்துவர்கள் இதை அக்கிலிஸ் நாண் என்பார்கள். ஆட்டுக்கால் வாங்கினால் பின்பக்கம் வெள்ளையாக, எவ்வளவு வேகவைத்தாலும் சவசவ என்று ஒரு நார் இருக்குமே, அந்த ஜாதிதான் இதுவும். மனித உடம்பில் இருக்கும் நாண்களிலேயே மிகத் தடித்ததும் மிக வலுவானதும் இதுதான். அப்படி இருந்தும் இதற்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆகவே கெட்டுப்போனால் சீக்கிரம் ஆறுவதில்லை.

வலி இரண்டு இடத்தில் வரும். குதிகால் எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் உயரத்தில், நாணின் நடுவே வருவது ஒன்று. விரலால் பிடித்துப் பார்த்தால் அங்கே தடித்திருக்கும். நாண் எலும்போடு சேரும் இடத்திலேயே, சப்பாத்தின் பின்விளிம்பு உரசும் இடத்தில் வருவது இன்னொன்று. உங்களுக்கு எது என்று முதலில் தொட்டுப் பாருங்கள். சப்பாத்து வாங்கும்போது இது தேவைப்படும். குதிகாலுக்கு அடியில், உள்ளங்கால் பக்கம் ஆணி குத்துவதுபோல் வலித்தால் அது வேறு சமாச்சாரம். அதை இன்னொரு மாதம் பார்ப்போம்.

நமக்கு ஏன் வருகிறது?

ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு வரும் வலி இது என்று புத்தகங்கள் சொல்லும். நாம் ஓடவில்லை, ஆனால் நம் கால் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். பால்வெட்டுக்காரர் ஒரு நாளில் 400, 500, 600 மரம் பார்க்கிறார். வெட்டும்போது ஒரு சுற்று, பால் எடுக்கும்போது இன்னொரு சுற்று. உயரப் பட்டையை எட்டி மேல்நோக்கி வெட்டும்போது முன்காலில் எம்பி நிற்கிறார். செம்பனை அறுப்பவர் அண்ணாந்து கம்பைத் தூக்கி இழுக்கிறார். பிறகு குலைகளை ஏற்றித் தள்ளுவண்டியை மேட்டில் தள்ளுகிறார். தள்ளுகிற பாரம் முழுவதையும் தாங்குவது கெண்டைக்காலும் இந்தக் கயிறும்தான்.

தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கும் விமோசனம் இல்லை. தெப்ராவில் கித்தா மரம் நின்ற இடங்களில் இன்று தாமான்களும் பேரங்காடிகளும் நிற்கின்றன. அன்று மவுண்ட் ஆஸ்டின் என்றால் தோட்டம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தெரிவது வீடமைப்பும் சாப்பாட்டுக் கடையும்தான். அங்கே வாசலில் 12 மணி நேரம் கட்டிச் சப்பாத்தோடு காவல் நிற்பவர் யார்? சிமெண்டுத் தரையைக் கூட்டித் துடைப்பவர் யார்? நேற்றுப் பால் வெட்டியவரும் அவருடைய பிள்ளைகளும்தானே? மண்ணிலாவது கொஞ்சம் மெத்து உண்டு. சிமெண்டில் அதுவும் கிடையாது.

வயது நாற்பதைத் தாண்டினால் நாண் இறுகத் தொடங்கும். உடம்பு கனத்தால் பாரம் கூடும். இனிப்பு நீர் இருந்தால் நாண் இன்னும் சீக்கிரம் கெடும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் உண்டு. நம் இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே குதிகால் வலி என்று கிளினிக்குக்குப் போகிறவர் இரத்தத்தில் இனிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நாம் போடும் சப்பாத்துகள்

முதலில் நமது கம்போங் அடிடாஸ். முழுக்க முழுக்கக் கித்தாவில் வார்த்த கறுப்புச் சப்பாத்து, அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. பெயர்தான் அடிடாஸ், அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் தோட்டத்துக் காலுக்குப் பழகிய சப்பாத்து இது. காட்டில் நடப்பவர்களும் மலை ஏறுபவர்களும்கூட இன்று இதைத் தேடி வாங்குகிறார்கள். விலை மலிவு, ஈரத்தில் ஊறாது, மேட்டில் வழுக்காது. நானும் போட்டவன்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் குதிகால் நாண் கெட்டவருக்கு இதில் இரண்டு குறை. குதிப் பக்கமும் முன்பக்கமும் ஒரே மட்டம். குதி உயரம் இல்லாததால் ஒவ்வோர் அடியிலும் நாண் முழுதாக இழுபடும். இரண்டாவது, உள்ளே மெத்து கிடையாது. நோகாத காலுக்கு இது போதும். நோகும் காலுக்கு அப்படியே போடக்கூடாது. என்ன செய்யலாம் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது முழங்கால் வரை வரும் கித்தா பூட்ஸ். பாம்புக்கும் முள்ளுக்கும் நல்லது. ஆனால் கயிறு கட்ட வழி இல்லை. உள்ளே குதிகால் ஏறி இறங்கி, பின்பக்கம் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நம்பர் பெரிதாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது சிலிப்பர். வீட்டில், கடைக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் சிலிப்பர். தட்டையான, தேய்ந்துபோன சிலிப்பர் இந்த வலிக்கு நல்லதல்ல. வேலை நேரத்தில் நல்ல சப்பாத்துப் போட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தட்டைச் சிலிப்பரில் நடந்தால் பாதிப் பலன் போயிற்று. வலி தணியும்வரை குதிப் பக்கம் சற்று உயர்ந்த, பின்வார் உள்ள செருப்பாகப் பாருங்கள்.

நான்காவது, முன்னால் இரும்பு வைத்த பாதுகாப்புச் சப்பாத்து. இது குலை விழுந்தால் விரலைக் காப்பாற்றும். ஆகவே, "குதிகால் வலிக்குது" என்று சொல்லி இதைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒரு வலிக்குப் பயந்து இன்னொரு ஆபத்தை வாங்கவேண்டாம். அளவு சரியா, பின்விளிம்பு உரசுகிறதா என்று பார்த்துச் சரிசெய்யவேண்டும், அவ்வளவுதான்.

கடையில் செய்யவேண்டிய சோதனை

பாசார் மாலாமிலும் சரி, பெரிய கடையிலும் சரி, பெயரையும் வர்ணத்தையும் பார்த்து வாங்குகிறோம். கோழி வாங்கும்போது தூக்கிப் பார்க்கிறோமே, அதுபோல் சப்பாத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஒன்று: குதிப் பக்கம் முன்பக்கத்தைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயரமாக இருக்கவேண்டும். அந்தச் சிறு உயரம் நாணின் இழுப்பைக் குறைக்கும். அதற்காகப் பெண்கள் விசேஷத்துக்குப் போடும் உயரக் குதிச் சப்பாத்து என்று எண்ணிவிடாதீர்கள். அது வேறு தொல்லை.

இரண்டு: பின்பக்கக் கிண்ணத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கசங்காமல் உறுதியாக நிற்கவேண்டும். குதிகால் அதற்குள் ஆடாமல் உட்காரவேண்டும். ஆனால் மேல்விளிம்பு மெத்தென்று இருக்கவேண்டும். எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்கள் இதை முக்கியமாகப் பார்க்கவேண்டும். விளிம்பு அந்த இடத்தைக் குத்தினால் எவ்வளவு விலை உயர்ந்த சப்பாத்தானாலும் வேண்டாம்.

மூன்று: இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் சப்பாத்தும் மடங்கவேண்டும். நடுவில் மடங்கினால் வைத்துவிடுங்கள். பிறகு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். லேசில் முறுக்கிக்கொண்டால் அதுவும் ஆகாது.

நான்கு: கயிறு கட்டுவதாகவோ பட்டி ஒட்டுவதாகவோ இருக்கவேண்டும். காலை நுழைத்துக்கொண்டு போகும் சப்பாத்தில் கால் நழுவும். நழுவாமல் இருக்க விரல்கள் இறுகும், கெண்டைக்காலும் சேர்ந்து இறுகும்.

ஐந்து: சாயங்காலம் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். வேலைக்குப் போடும் காலுறையோடு, இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை. பெரிய காலுக்கு எது பொருந்துகிறதோ அதுவே உங்கள் நம்பர்.

ஆறு: கடைக்குள்ளேயே ஐந்து நிமிஷம் நடங்கள். "போகப் போகச் சரியாயிடும்ணே" என்று கடைக்காரத் தம்பி சொல்வார். நம்பாதீர்கள். இன்று கடிக்கும் சப்பாத்து நாளைக்கும் கடிக்கும். இனிப்பு நீர் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் கடிப்பதே தெரியாது, புண்ணாகித்தான் தெரியும். புதுச் சப்பாத்து வாங்கினால் முதல் நாளே நிரைக்குப் போட்டுப் போகாமல் வீட்டில் ஒரு மணி, இரண்டு மணி என்று பழக்கி, கழற்றியதும் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகும் மாதம் ஒருமுறை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, குதியின் ஓரம் தேய்ந்திருந்தாலோ அதற்கு விடைகொடுக்கும் காலம் வந்துவிட்டது.

சின்னத் துண்டு, பெரிய உதவி

புதுச் சப்பாத்து வாங்க இந்த மாதம் வழியில்லை என்றால் என்ன செய்வது? சப்பாத்துக்குள் குதிகாலுக்கு அடியில் வைக்கும் சிறு மேடை ஒன்று மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரணமாக எண்ணவேண்டாம். ஆஸ்திரேலியாவில், நாணின் நடுவே வலி உள்ள 100 பேரை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஓர் ஆராய்ச்சி 2021இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு 12 மில்லிமீட்டர் உயரக் குதிமேடை, இன்னொரு பிரிவுக்குக் கெண்டைக்கால் பயிற்சி. 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் வலி குறைந்திருந்தது. குதிமேடை வைத்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்திருந்தது. கம்போங் அடிடாஸையும் பாதுகாப்புச் சப்பாத்தையும் விட முடியாதவர்களுக்கு இதுதான் வழி.

ஆனால் மூன்று விஷயம். ஒரு கால்தான் வலிக்கிறது என்றாலும் இரண்டு சப்பாத்திலும் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு கோணும். பஞ்சுபோல் அமுங்கும் துண்டு பயனில்லை, கெட்டியாக இருக்கவேண்டும். வைத்த பிறகு குதிகால் சப்பாத்தை விட்டு மேலே எழும்பினாலோ, விளிம்பு வேறு இடத்தில் உரசினாலோ, அந்தச் சப்பாத்து அதற்குப் பொருந்தாது.

சப்பாத்து மட்டும் போதுமா?

போதாது. சப்பாத்து பாரத்தைக் குறைக்கும். நாணை வலுப்படுத்துவது பயிற்சி. சுவீடன் நாட்டு டாக்டர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்பவரும் அவருடைய குழுவினரும் 1998இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். படிக்கட்டின் ஓரத்தில் முன்காலால் நின்று, நல்ல காலின் உதவியோடு எம்பி, பிறகு வலிக்கும் காலில் பாரத்தை விட்டு, குதிகாலை மெல்ல மெல்லக் கீழே இறக்கவேண்டும். ஒரு தடவைக்கு 15 முறை, அப்படி மூன்று தடவை. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. 12 வாரம். லயத்து வாசல்படியே போதும், காசு செலவில்லை. கம்பியையோ சுவரையோ பிடித்துக்கொள்ளுங்கள். எலும்போடு சேரும் இடத்தில் வலி உள்ளவர்கள் படிக்குக் கீழே இறக்கக்கூடாது, சமதரையில் நின்றே செய்யவேண்டும். செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் "நரம்பு எடுக்கிறேன்" என்று நாணைப் பிடித்து முறுக்குவதும், பிள்ளையை ஏறி மிதிக்கச் சொல்வதும் வேண்டவே வேண்டாம். நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி சட்டென்று குறையலாம், ஆனால் நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் இந்த நாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் "எனக்குக் குதிகால் நாண் வலி இருக்கு டாக்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

முழு ஓய்வும் வேண்டாம், பழைய வேகமும் வேண்டாம். மேட்டு நிரைக்குப் பதிலாகச் சமக்காடு, எம்பி வெட்டும் மரத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டை, தள்ளுவண்டிக்குப் பதிலாக உதிரிப்பழம் பொறுக்குவது. சில வாரம் இப்படி வேலையை மாற்றிக் கேளுங்கள். டாக்டரிடம் அதையே சீட்டில் எழுதி வாங்குங்கள்.

'டப்' என்று சத்தம் கேட்டு, பின்னால் யாரோ உதைத்ததுபோல் இருந்து, முன்காலில் எம்ப முடியாமல் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது. அறுந்த நாண் சில நேரம் அதிகம் வலிக்காது. கெண்டைக்கால் சிவந்து, சூடாக வீங்கினாலும் காத்திருக்கக்கூடாது.

யார் வாங்கித் தருவது?

இதுவரை சொன்னது நாம் பார்த்து வாங்குவது. இனிக் கேட்டு வாங்குவது.

"நல்ல சப்பாத்து வாங்க நல்ல சம்பளம் வேணுமில்ல?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்பையும் சுகாதாரத்தையும் முடிந்தவரை உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது 15ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தின்படி செய்துகொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக்கூடாது என்கிறது 26ஆம் பிரிவு. திருத்தப்பட்ட சட்டம் 2024 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. 15ஆம் பிரிவின் கடமையில் தவறும் முதலாளிக்கு முன்பு 50,000 வெள்ளி வரை இருந்த அபராதம், இப்போது 500,000 வெள்ளி வரை போகலாம். ஆகவே பாதுகாப்புச் சப்பாத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தால், சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.

ஆனால் சப்பாத்துக் கொடுத்தால் மட்டும் கடமை முடிந்துவிடுமா? என் காலத்தில் ஒரு தோட்டத்தில் மூட்டையைப் பிரித்து, ஆண்களுக்கு எட்டு, பெண்களுக்கு ஏழு என்று விநியோகித்தார்கள். ஐந்தாம் நம்பர் காலுள்ள பெண்கள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டார்கள். கேட்டதற்கு, "கொடுத்தோமா இல்லையா?" என்று பதில் வந்தது. பொருந்தாத சப்பாத்துக் கொடுப்பது, பிடி இல்லாத கத்தி கொடுப்பதற்குச் சமம். அளவெடுத்துக் கொடுக்கவேண்டும். பெண்களின் அளவு தனியாக வரவழைக்கவேண்டும். தேய்ந்தால் காலக்கணக்குப் பார்க்காமல் மாற்றித் தரவேண்டும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் குதிமேடையும் சேர்த்துத் தரவேண்டும். கூட்டு ஒப்பந்தப் பேச்சில் சம்பளத்தோடு இதையும் வைக்கவேண்டும் என்பது என் கருத்து. "சப்பாத்துக்கெல்லாமா பேச்சுவார்த்தை?" என்று சிரிப்பவர்கள், அந்த அக்கா இழந்த ஒரு வருஷக் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எம்.சி.க்குப் பயப்படும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 18 நாள், ஐந்து வருஷத்துக்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். இது யாரும் போடும் பிச்சை அல்ல, உங்கள் உரிமை. வேலையில் வழுக்கி விழுந்து நாண் அறுந்தால் அது வேலை விபத்து. 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் பொறுப்பு. நடந்த நேரம், இடம், பார்த்தவர் பெயர் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள்.

வருகைப்படி போய்விடுமே என்று அக்கா ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டார். அந்த ஆறு மாதப் படியையும் கூட்டினாலும் இழந்த ஒரு வருஷக் கூலிக்கு அருகில் வராது. அதைவிட, என்னிடம் அவர், "சொல்லிடாதே தம்பி" என்றபோது நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது அவருக்குச் செய்த உதவி என்று அன்று நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. பக்கத்து நிரைக்காரர் நொண்டுவதைப் பார்த்தால், மண்டோரிடம் சொல்லாவிட்டாலும் சங்கத்திடம் சொல்லுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் கிடக்கும் சப்பாத்துகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். உங்களுடையதை மட்டுமல்ல, வீட்டம்மாவுடையதையும் காவல் வேலைக்குப் போகும் மகனுடையதையும் பாருங்கள். கத்தியின் கூரை நகத்தில் வைத்துப் பார்க்கத் தெரிந்த நமக்கு, சப்பாத்தின் தேய்மானத்தைப் பார்க்கத் தெரியாதா என்ன?

கால் நம்முடையது தோழர்களே. பார்த்து வாங்குவோம், கேட்டு வாங்குவோம்!